இலையுதிர் காலமும் வீட்டுக் கணக்கும்



பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இதிலே ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஒரு கணக்குப் புத்தகம்தான் இந்தக் கதைக்கு நாயகன். சிரிக்காதீர்கள். நம் முன்னோர் பட்ட பாட்டில் பாதி, கணக்கு தெரியாததால் பட்ட பாடு. அவர்கள் பிறகு தலை நிமிர்ந்ததும் கணக்கைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்த பிறகுதான். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பனி பெய்யாத ஊரில் ஒரு குளிர்காலம்

சீமையிலே குளிர்காலம் வந்தால் வயல் வேலை நின்றுவிடும். வெளியே பனி மூடிக் கிடக்கும்போது, குடியானவன் அடுப்போரம் உட்கார்ந்து அந்த ஆண்டின் வரவு செலவை எழுதி முடிப்பான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தை அறுவடை முடிந்த கையோடு களத்து மேட்டிலேயே குத்தகை நெல், கூலி நெல், விதை நெல், வீட்டு நெல் என்று அளந்து பிரிப்பார்கள். எந்த நாடானாலும் மண்ணை நம்பிய குடும்பத்துக்கு வேலை ஓய்கிற காலம்தான் கணக்குப் பார்க்கிற காலம்.

நம்ம பினாங்கிலே பனியும் கிடையாது, போர்வையும் தேவையில்லை. ஆனால் பால்மரத்துக்கு மட்டும் ஒரு குளிர்காலம் உண்டு. தை பிறந்ததும் மழை குறையும், வெயில் ஏறும். பச்சை இலை மஞ்சளாகி, சிவந்து, காற்றடித்தால் பொலபொலவென்று உதிரும். வெள்ளைக்கார துரைமார் தங்கள் ஊர் நினைப்பில் இதற்கு 'வின்டரிங்' என்று பேர் வைத்தார்கள். மாசி, பங்குனியில் புதுத் தளிர் விடும். தளிர் வளர்க்க மரம் தன் உடம்பில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் செலவழிக்கும். அந்த நேரத்தில் பட்டையைச் சீவினால் மங்கில் பால் பாதிகூட நிறையாது. இளம் மரமானால் வெட்டையே நிறுத்தி ஓய்வு கொடுப்பார்கள்.

மரம் ஓய்வெடுக்கலாம், வயிறு ஓய்வெடுக்குமா? அதே மாதங்களில்தான் பொங்கல் வரும், தைப்பூசம் வரும், மாசி மகம் வரும், பங்குனி உத்திரம் வரும். ஜனவரியில் பள்ளி திறக்கும். பிள்ளைக்குச் சட்டை, சிலேட்டு, புத்தகம் வேண்டும். வரவு இறங்கும் மாதமும் செலவு ஏறும் மாதமும் ஒன்றாகவே வந்து சேரும். ஆண்டு முழுவதும் பட்ட கடன் கழுத்தை நெரிப்பதும் இந்த மூன்று மாதத்தில்தான். ஒரு தோட்டக் குடும்பம் நிமிர்வதும் கவிழ்வதும் இலையுதிர் காலத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு யார் கையில் இருந்தது?

நம் முன்னோர் கணக்கு அறியாத இனத்தார் அல்லர். பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே, நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒரு சுவடியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பிரித்துக்கொண்டே போய் முந்திரி வரைக்கும் வாயாலேயே கணக்குப் போடுவார்கள். முந்திரி என்றால் ஒன்றை 320 பங்காக்கி அதில் ஒரு பங்கு. அவ்வளவு நுட்பம்!

ஆனால் இந்த நுட்பம் யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி. கிராமத்தில் நிலக் கணக்கு முழுவதும் கணக்குப்பிள்ளை வீட்டில் இருந்தது. சிட்டாவும் அடங்கலும் அவர் எழுதியதே எழுத்து. தகப்பனுக்குப் பின் பிள்ளை என்று பரம்பரையாக வந்த அந்தப் பதவியைத் தமிழ்நாட்டு அரசு 1980இல்தான் ஒழித்தது. நிலமில்லாத கூலி ஆளுக்கோ எண்சுவடியும் எட்டாது, ஏடும் எட்டாது. அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் கப்பல் ஏறி இங்கே வந்தார்கள்.

1800இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற செபராங் பிறைக் கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவான், கலிடோனியா போன்ற பெயர்கள் அந்தக் காலத்துப் பெயர்கள். அங்கே ஒப்பந்தக் கூலியாக வந்தவர் கரை இறங்கும்போதே கடனாளி. கப்பல் செலவு, கொடுத்த முன்பணம் எல்லாம் அவர் பேரில் எழுதப்பட்டிருக்கும். முதல் கரும்பை வெட்டும் முன்பே கணக்கில் பற்று ஏறிவிட்டது. எவ்வளவு ஏறியது, எவ்வளவு கழிந்தது என்று அவருக்குத் தெரியாது. 1907இல் அமைந்த குடிபெயர்வு நிதி, தோட்ட முதலாளிமார் செலுத்தும் பணத்திலிருந்தே கப்பல் செலவைக் கொடுக்க வழி செய்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. கங்காணி முறை மட்டும் தொடர்ந்து, 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை நீடித்தது.

கரும்பு போய் ரப்பர் வந்தது. கணக்கு மட்டும் இடம் மாறவில்லை. விடியும் முன் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். கங்காணி ஆள் எண்ணுவார், கிராணியார் செக்ரோலில் பேர் போடுவார். முழுப் பேரா அரைப் பேரா என்பது அவர் பேனா முனையில். தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில் இன்னொரு கணக்கு. வாளியில் இருப்பது எல்லாம் பால் ஆகிவிடாது. தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் என்ற மிதவையைப் போட்டுப் பார்ப்பார்கள். கம்பியில் எந்தக் கோடு வரை மூழ்கியது என்பதை வாசிப்பவர் ஒருவர், நம்புகிறவர் இன்னொருவர். ஒட்டுப்பாலுக்குத் தனி விலை, தனிக் கணக்கு. சாயங்காலம் கடையிலே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கினால் அங்கேயும் ஒரு பற்றுப் புத்தகம். அதுவும் கடைக்காரர் பெட்டியில்தான்.

செக்ரோல், நிறுவைக் கணக்கு, கடைப் பற்று என்று ஒரு தொழிலாளியின் உழைப்பைப் பற்றி மூன்று புத்தகம் இருந்தது. மூன்றும் மற்றவர்கள் எழுதியவை. அவர் போட்டது ஒரே ஒரு கைநாட்டு! கணக்கு எழுதினவங்க எல்லாரும் கெட்டவங்க என்று சொல்ல வரவில்லை. நேர்மையான கிராணிமார் பலர் இருந்தார்கள். ஆனால் சரிபார்க்க முடியாத கணக்கிலே நேர்மையும் ஒன்றுதான், மோசடியும் ஒன்றுதான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

பினாங்குத் தெருவின் பேரேடு

அதே காலத்தில் ஜார்ஜ் டவுனில், நம் தமிழ் மக்களிலேயே இன்னொரு கூட்டம் கணக்கை உயிராக மதித்து வாழ்ந்தது. பினாங்குத் தெருவில் கிட்டங்கி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார்களைச் சொல்கிறேன். தண்ணீர்மலைச் சாலையில் அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் 1857ஆம் ஆண்டினது.

கிட்டங்கியிலே மேசை நாற்காலி கிடையாது. தரையில் பாய், எதிரே சாய்வான ஒரு கணக்குப் பெட்டி. அதுவே ஆபீஸ்! பையன்கள் சின்ன வயதிலேயே 'பெட்டியடிப் பையன்' என்று வேலைக்குச் சேர்ந்து, வட்டிக் கணக்குப் படித்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வார்கள். அன்றாடம் நடந்ததை அன்றன்றே குறிப்பில் எழுத வேண்டும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று. கடைசியில் ஐந்தொகை கட்டும்போது இரண்டும் ஒத்து வர வேண்டும். ஒத்து வராவிட்டால் விளக்கை அணைக்கக் கூடாது. சாமிக்கு ஒதுக்கும் மகமைக்கும் ஏட்டில் தனிக் கணக்கு உண்டு. மூன்று வருஷம் இங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பும் மேலாள், அத்தனை காசுக்கும் முதலாளியிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

இந்தப் பேரேட்டின் மறுபக்கத்தில் இருந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும், நிலத்தின் கிராண்டை ஈடு வைத்து வட்டிக்கு வாங்கினார்கள். வீட்டு ஆட்களே மரம் வெட்டி, பாலை உறைய வைத்து, ஷீட்டு அடித்து, கடையில் விற்று வாழ்ந்த குடும்பங்கள் அவை. இலை உதிர்ந்தால் வரவு சுருங்கும். வட்டி மட்டும் இலை உதிர்க்காது! விலை நன்றாக இருந்த வருஷத்தில் மூன்று மாத ஓட்டையை அடைத்துவிடலாம். விலையும் விழுந்தால்?

1930: ஒரு சின்னக் கணக்கு

விழுந்தது. உலக மந்தம் வந்தது. 1932இல் ஒரு பவுண்டு ரப்பர் பத்துச் சென்னுக்கும் கீழே போனது. சிறு நிலங்கள் பல கடனில் மூழ்கிக் கைமாறின. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டையோடு காத்திருந்து ஊருக்குக் கப்பல் ஏறின.

மாணவர்களே, பென்சிலை எடுங்கள். 1928இல் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் நிர்ணயமான நாட்கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். மாதம் 26 நாள் இருவரும் முழுப் பேர் போட்டால், புருஷனுக்கு 13 வெள்ளி, மனைவிக்கு 10 வெள்ளி 40 சென். ஆக 23 வெள்ளி 40 சென். 1930இல் கூலியை 40 சென், 32 சென் என்று குறைத்தார்கள். அதே 26 நாளுக்கு இப்போது 18 வெள்ளி 72 சென். இலையுதிர் மாதத்தில் வேலை 20 நாள்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 14 வெள்ளி 40 சென். இருபத்து மூன்றரை வெள்ளிக்குப் பழகிய குடும்பம் ஒன்பது வெள்ளி குறைவாக அந்த மாதத்தை ஓட்ட வேண்டும். அந்த ஒன்பது வெள்ளிதான் கடைப் பற்றாக ஏறியது. சித்திரையில் புதுத் தளிர் முற்றி மரம் பால் கொடுக்கத் தொடங்கினாலும், முதல் பால் பழைய பற்றுக்கே போனது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அந்தப் பத்துச் சென் வித்தியாசத்தையும் கவனியுங்கள். காட்டில் வேலை செய்து, வீட்டிலும் வேலை செய்தவருக்குத்தான் கூலி குறைவு.

வீசம் ஏக்கரில் ஒரு விவசாயம்

ஒன்பது வெள்ளிப் பள்ளத்தைக் குடும்பங்கள் எப்படித் தாண்டின? விடை லயத்துக்குப் பின்னால் இருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தோட்டம் ஒதுக்க வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பதினாறில் ஒன்று என்றால் நம் எண்சுவடிக் கணக்கில் சரியாக ஒரு வீசம். சதுர அடியில் ஏறக்குறைய 2,720. இதுதான் நம் பாட்டன் பாட்டிமாரின் குடும்பப் பண்ணை.

அந்த வீசத்திலே மரவள்ளி, வெண்டை, கத்தரி, முருங்கை, பசலை, ஓரத்தில் வாழை. ஒரு பசு, இரண்டு ஆடு, நாலு கோழி. காலையில் பால்மரம், மாலையில் மாட்டுப்பால் என்று வாழ்ந்தார்கள். இந்தப் பண்ணையின் கணக்குப்பிள்ளை யார்? வீட்டுப் பெண்கள்தான். எழுத்து தெரியாத பாட்டி, யார் வீட்டுக்கு எத்தனை போத்தல் பால் போனது என்று சுவரிலே கரிக்கோடு போடுவார். மாதம் முடிந்ததும் எண்ணி வாங்கிவிட்டு, ஈரத்துணியால் அழிப்பார். பெண்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மாதம் ஒருவர் எடுக்கும் கூட்டுப் பணமும் அப்படித்தான் நடந்தது. எழுத்தில்லாத நம்பிக்கைக்கு ஆபத்தும் உண்டு. கூட்டை நடத்தியவர் பணத்தோடு காணாமல் போன கதைகள் பெருகி, 1971இல் கூட்டு நடத்துவதற்கே நாட்டில் தடைச் சட்டம் வந்தது.

1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி போய் மரவள்ளி சோறானது. வீசம் ஏக்கர்தான் பலர் உயிரைக் காத்தது. அந்த ஆட்சியில் அச்சடித்த வாழைமர நோட்டைச் சிலர் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்தார்கள். 1945இல் ஜப்பான் தோற்றது. மறுநாள் அந்தக் கட்டு அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று. காசு எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கணக்கல்ல. அது எங்கே, எப்படிப்பட்டதாக இருக்கிறது என்பதும் கணக்குதான்.

பள்ளிக்கூடம் செய்த வேலை

இப்போது நம் தமிழ்ப்பள்ளிக்கு வருவோம். இந்த நாட்டில் தமிழ் வகுப்பு முதன்முதலில் தொடங்கியது ஜார்ஜ் டவுனில்தான், 1816இல், பினாங்கு ஃபிரீ ஸ்கூலில். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி எட்ட நூறாண்டுக்கு மேல் ஆனது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அது ஓலைக் கொட்டகை. ஆசிரியரோ சில இடங்களில் கங்காணி, சில இடங்களில் கிராணி. பிள்ளைகள் காலையில் அம்மாவோடு மங்கு துடைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள்.

அந்தக் கொட்டகையில் படித்தது நாலாம் வகுப்போ ஆறாம் வகுப்போதான். அதனால் என்ன லாபம் என்று கேட்டவர்கள் உண்டு. லாபம் சம்பள நாளில் தெரிந்தது. அப்பாவின் சீட்டைப் பிள்ளை வாங்கி, "அப்பா, இருபத்து நாலு நாள் வேலைக்குப் போனீங்க, இதுல இருபத்திரண்டுதான் போட்டிருக்கு" என்று சொன்ன அன்றைக்கே ஒரு சகாப்தம் மாறியது. கைநாட்டு இருந்த இடத்தில் கையெழுத்து வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. 1955இல் வேலைச் சட்டம் வந்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் சட்டம் கொடுக்கும் உரிமையை எடுத்துக்கொள்ள, சீட்டை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமல்லவா?

மாதம் பத்து வெள்ளி

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் அபாயம் வந்தது. அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "மாதம் பத்து வெள்ளி சேருங்கள், நாமே தோட்டம் வாங்குவோம்" என்ற கருத்தைத் தொழிலாளர் முன் வைத்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1961இல் நமக்குப் பக்கத்திலுள்ள கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். மிச்சத்திலிருந்து வரவில்லை, தோட்டக் குடும்பத்துக்கு மிச்சம் ஏது? செலவை எழுதிப் பார்த்து, எது இல்லாவிட்டாலும் முடியும் என்று கண்டுபிடித்ததிலிருந்து வந்தது. கள்ளுக்கடைக்குப் போகும் காசு கொஞ்சம், திருவிழாச் செலவு கொஞ்சம், ஆட்டை விற்றது கொஞ்சம். இலை உதிரும் மாதத்திலும் பத்து வெள்ளி கட்ட வேண்டுமானால், பால் நிறைந்த மாதத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்தின் புத்தகத்தில் கடனாளியாக மட்டுமே எழுதப்பட்ட இனம், ஒரு தோட்டத்தின் பங்காளியாகத் தன் பெயரை எழுதிக்கொண்டது. அதைவிடப் பெரிய பரிசளிப்பு விழா ஏது?

இன்றைக்கு என்ன செய்யலாம்?

செபராங் பிறையில் பால்மரம் நின்ற இடங்கள் பல, இன்று செம்பனையாகவும் தொழிற்சாலையாகவும் அடுக்குமாடியாகவும் மாறிவிட்டன. 2013 முதல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சேமநிதிக் கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் இலையுதிர் காலம் நம்மை விட்டுப் போய்விட்டதா? ஓவர்டைம் நின்ற மாதம், வீட்டில் ஒருவர் படுத்துவிட்ட மாதம், மோட்டார் சைக்கிள் தவணை தவறிய மாதம் எல்லாம் இலையுதிர் காலமே. கடைப் பற்றுப் புத்தகம் போய், தவணைக் கடனும் வட்டி முதலைகளும் வந்திருக்கிறார்கள். பேர் மாறியது, பேரேடு மாறவில்லை.

ஆகவே பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். இன்று பரிசாக வாங்கிப் போகும் நோட்டுகளில் ஒன்றை வீட்டுக் கணக்குக்கு ஒதுக்குங்கள். பிள்ளை கையாலேயே எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. அன்றாடச் செலவு அன்றன்றே ஏற வேண்டும். சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். வருமானத்தைப் பிள்ளைக்குச் சொன்னால் மரியாதை குறையும் என்று நினைக்காதீங்க. எவ்வளவு கஷ்டத்தில் தன்னைப் படிக்க வைக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளை, புத்தகத்தை வீணாகக் கிழிக்காது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்ம பழமொழி. அளப்பதற்கு முதலில் ஒரு படி வேண்டும். அந்த நோட்டுதான் படி.

மாணவர்களே, உங்கள் கொள்ளுத்தாத்தா கைநாட்டு வைத்த இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். கையெழுத்துப் போடும் முன் மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள். வாசித்ததைக் கூட்டிப் பாருங்கள். கூட்டியது சரியாக வந்தால் மட்டும் பேனாவைத் திறவுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!